மருதாசலத்தை யாரும் விசாரிக்கவில்லை

எரிந்துபோன செம்புக்கம்பிக் காயிலை மோட்டாரிலிருந்து உருவி, மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்த்த பிறகுதான் மருதாசலம் திட்ட ஆரம்பிப்பார். அதுவரை மோட்டாரைத் தூக்கிவந்தவருக்குக் கொஞ்சம் நிம்மதி உண்டு.

"ஏனுங்க, போர்வெல்ல தண்ணி இல்லைன்னு ஊருக்கே தெரியுது. வெறும் குழிக்குள்ள மோட்டார ஓட்டிப்போட்டு, காயில் தானாப் போயிருச்சுன்னு சொன்னா நான் நம்போணுங்களா?"

எதிரே நிற்பவர் தென்னந்தோப்புக்காரராக இருந்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்தாலும் திட்டு ஒன்றுதான். எவ்வளவு கடுப்பேறினாலும் அந்த 'ங்க' மட்டும் விட்டுப்போகாது. இத்தனை திட்டு வாங்கியும் அவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை. மருதாசலம் கட்டிய காயில் அவ்வளவு லேசில் எரியாது.

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது கடை. வார்னிஷ் நாற்றம் சந்து முனையிலேயே வழிகாட்டிவிடும். உள்ளே பத்துப் பதினைந்து மோட்டார்கள் வயிறு திறந்து கிடக்கும். நடுவே ஒல்லியாக ஒரு மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கால் ஒடிந்து, அங்கே மெல்லிய செம்புக்கம்பி சுற்றியிருக்கும். புதுக் கண்ணாடி வாங்கித்தர மகள் அன்புக்கரசி பலமுறை சொல்லிவிட்டாள். "கண்ணு நல்லாத்தான் தெரியுது. காதுக்குத்தான கம்பி" என்பார்.

அவருடைய அப்பா காரமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர். நாள் முழுக்க அந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிட்டவரை, மோட்டார் ரூமுக்குள் கால்வைக்க மட்டும் விட்டதில்லை. இன்றைக்கு அந்த மோட்டார் எரிந்தால் அதே தோட்டக்காரர் வீட்டுப் பேரன் காரில் ஏற்றிக்கொண்டு இங்கே வருகிறான். அன்றைக்குத் திட்டு ஒரு சுற்று கூடுதலாக விழும்.

மொட்டையான சொற்கள் அவருக்கு ஆகாது. "மோட்டார் கொஞ்சம் சூடாகுதுங்க" என்று யாராவது சொன்னால், "கொஞ்சம்னா எவ்வளவுங்க? கை வெக்க முடியுதா, முடியாதா?" என்று மடக்குவார். அதையெல்லாம்விட ஆகாத சொல் ஒன்று உண்டு. எதிர்ச் சாரி டீக்கடை டிவியில் செய்தி வாசிப்பவர் 'துல்லியத் தாக்குதல்' என்று சொல்லிவிட்டால், பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவார். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் அவர் வந்தால் பாட்டுச் சேனலுக்கு மாற்றிவிடுகிறார்.

அதற்குக் காரணம் கதிர்.

கதிர் அவருடைய மகன். ஐடிஐ முடித்துவிட்டு, பம்புகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தான். கூடவே இல்யாஸும் சேர்ந்தான். இல்யாஸ், உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத்தின் மூத்த மகன். மருதாசலத்தின் கடையில் சேர்கிற எரிந்த செம்பை எடைக்கு எடுத்துப்போக பரீத் வருவார். அப்பாவோடு வண்டியில் தொற்றிக்கொண்டு வந்த இல்யாஸுக்கும் கதிருக்கும் அங்கேதான் சிநேகம். ஐடிஐயில் ஒரே பெஞ்சில் படித்தார்கள், ஒரே விமானத்தில் போனார்கள். போன நாட்டின் பெயரை மருதாசலம் இப்போது சொல்வதில்லை. 'அந்த ஊரு' என்பதோடு சரி. சண்டை நடக்கிற நாடு. ஆனால் அவர்கள் போன ஊரில் சண்டை இல்லை. குடிதண்ணீர் நிலையத்துக்கு நீர்மூழ்கி மோட்டார் இறக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை.

மோட்டார் ஓடிய அன்று கதிர் வீடியோவில் கூப்பிட்டான். குழாயில் தண்ணீர் பொங்கி விழுந்தது. பின்னால் பெண்கள் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். இல்யாஸ் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சிரித்தான். மருதாசலம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆம்பியர் எவ்வளவு எடுக்குது?" மகனிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர் நிலையத்தின் மேல் விமானம் குண்டு போட்டது. கதிரும் இல்யாஸும் போனார்கள், வரிசையில் நின்றவர்களும் போனார்கள்.

முதலில் அது ஆயுதக் கிடங்கு என்றார்கள். பிறகு கிடங்கு பக்கத்துத் தெருவில் என்றார்கள். பிறகு விசாரிக்கப்படும் என்றார்கள். எல்லா அறிவிப்பிலும் 'துல்லியம்' மட்டும் மாறாமல் இருந்தது.

பெட்டிகள் வந்து சேர வெகுநாள் ஆயிற்று. திறக்கவேண்டாம் என்று விமான நிலையத்தில் சொன்னார்கள். எரிந்ததைத் திறந்து பார்த்து, எதனால் எரிந்தது என்று சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவர் மருதாசலம். பெட்டியின் மேல் கையை வைத்தபடியே துடியலூர் வரைக்கும் வந்தார். ஒருவனைக் காரமடையில் புதைத்தார்கள். மற்றவனை உக்கடத்தில் அடக்கம் செய்தார்கள். இரண்டு அப்பன்களும் இரண்டு இடத்திலும் மண் போட்டார்கள்.

மனைவி சின்னாத்தாள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்க வருகிறவர்களிடமும், "அவரைக் கேளுங்க சாமி" என்று கடைப் பக்கம் கைகாட்டிவிடுவாள். கடையில் சுவரோடு ஒரு படம் இருக்கிறது, கதிரும் இல்யாஸும் தோள்மேல் கைபோட்டு நிற்பது. அதைப் பார்த்துவிட்டு யாராவது கேட்பார்கள். கேட்டவர்கள் சும்மா போவதில்லை, ஒரு கருத்தையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். மருதாசலத்தின் பொறுமை முக்கால்வாசி கரைந்தது அங்கேதான்.

ஒருநாள் சரவணம்பட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சபரீஷ் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், பூஜிதா கல்லூரியில் பாடம் நடத்துபவர். அவர்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. மருதாசலம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர்கள் காரில் ஆரம்பித்த வாக்குவாதத்தை இங்கேயும் தொடர்ந்தார்கள். அன்று காலையும் எங்கோ குண்டு போட்டிருந்தார்கள்.

"தீவிரவாதிய அடிக்கறப்ப பக்கத்துல நாலு பேரு சாகத்தான் செய்வாங்க பூஜி. அதுக்காக அடிக்காம விட்டா அவன் வந்து நம்மள அடிப்பான்" என்றார் சபரீஷ்.

"அந்த நாலு பேருக்கு அண்ணன் தம்பி இருக்காங்கல்ல? அதுல ஒருத்தன் நாளைக்குத் துப்பாக்கி எடுப்பான். நீங்க ஒழிக்கறீங்களா, வெதைக்கறீங்களா?"

பிறகு பூஜிதா படத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்டாள். மருதாசலம் ஒரே வரியில் சொன்னார். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் பூஜிதா மெல்ல கணவன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, இப்ப இவருக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

மருதாசலம் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அம்மணி, நீங்க சொல்றது புரியுதுங்க. என்ற பையனக் கொன்னா எவனோ ஒருத்தன் துப்பாக்கி எடுப்பான், அதனால கொல்லக் கூடாதுங்கறீங்க. செரி. ஒருத்தனுமே எடுக்கலைன்னு வைங்க. நான் பாட்டுக்கு இங்க காயில் கட்டீட்டே இருந்துட்டனுங்க. அப்ப அவனைக் கொன்னது சரியாப் போயிருங்களா?"

பூஜிதா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "அப்படி இல்லீங்க. பாவம்னு சொன்னா எந்த கவர்மெண்டும் நிறுத்தறதில்லையே. இது உங்களுக்கே ஆபத்துன்னு சொன்னாத்தான் காது குடுக்கறாங்க. அதுக்குத்தான் அப்படிச் சொல்லவேண்டியிருக்குது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் மருதாசலத்துக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சபரீஷ் பக்கம் திரும்பி, "தொட்டி ரொம்புனா தானா நிக்கற சுவிட்ச் ஒன்னு இருக்குதுங்க. அதை மாட்டாம எந்த மகராசன் மோட்டார ஓட்டுனது?" என்று பிடித்துக்கொண்டார். அவர்கள் கிளம்பும்வரை அந்தத் திட்டு ஓயவில்லை.

உண்மையில் அவருக்குள் என்ன இருந்தது என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. குண்டு போட்ட விமானம் எந்த நாட்டுடையது என்று அவருக்கு ஊகம் உண்டு. விமானத்தை அனுப்பிய அந்த நாட்டின் தலைநகரில் ஒரு மத்தியானம் பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. மருதாசலம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே டிவியில் பார்த்தார். புகை, ஓட்டம், கண்ணாடித் துண்டுகள். அவருக்கு நன்றாக இருந்தது. வெகுநாளாகத் தொண்டையில் நின்ற சோறு அன்று சரசரவென்று இறங்கியது. இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார். சின்னாத்தாள் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது டிவியில் ஒரு ஆள் வந்தார். அவர் வயதுதான் இருக்கும். கையில் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு, கலைந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மருதாசலம் அப்படியே எழுந்து கை கழுவிவிட்டார்.

உக்கடத்துக்கு அவர் மாதத்தில் ஒருமுறையாவது போவார். பரீத்தின் மனைவி பாத்திமுத்து வைக்கிற டீ அவருக்குப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது டீ வரவில்லை. வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகு பரீத் சொன்னார். எங்கேயாவது குண்டு விழுந்தால், அன்றோ மறுநாளோ போலீஸிலிருந்து ஒருவர் வந்து உட்கார்கிறார். அதட்டல் ஒன்றும் இல்லை. "தம்பி எப்படி இருக்கான்? ஆரோட பேசறான்? அண்ணன நெனச்சு ரொம்பக் கோபமா இருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். தம்பி என்றால் ரியாஸ், இல்யாஸுக்கு அடுத்தவன். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, போலீஸ் சான்றிதழுக்காகக் காத்திருந்தான். அது வரவேயில்லை.

"எத்தனை நாளா வாராங்க?" என்றார் மருதாசலம்.

"பெட்டி வந்ததுல இருந்து. இதைப் போயி உங்கிட்ட என்னத்தச் சொல்றது மருது? உங்க ஊட்டுக்கும் வருவாங்கன்னு நெனச்சேன்."

மருதாசலத்தின் வீட்டுக்கு ஒருவரும் வந்ததில்லை. அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது.

ரியாஸ் அவரை வண்டிவரை கொண்டுவிட வந்தான். வாசலைத் தாண்டியதும் சொன்னான். "மாமா, அவங்க தேடறது எங்கிட்ட இல்லை. ஆனா இப்படித் தேடிக்கிட்டே இருந்தா, ஒருநாள் கெடைச்சுரும்போல இருக்குது."

"அறைஞ்சுபோடுவன். என்ன பேச்சுடா பேசற?" என்றார் மருதாசலம். குரல் உயர்ந்த அளவுக்குக் கை உயரவில்லை. ரியாஸ் சிரித்துவிட்டு உள்ளே போனான். அந்தச் சிரிப்புத்தான் அவரைத் தூங்கவிடவில்லை. தட்டை நீட்டிய மத்தியானம் அவருக்கு ஞாபகம் வந்தது. தனக்கு இந்த வயதில் வந்தது, அவனுக்கு அந்த வயதில் வராதா?

மறுநாள் காலை வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பரீத் வீட்டுக்கு வருகிறவர் எந்த ஸ்டேஷன் என்று விசாரித்து அங்கே போனார். அந்த சப்-இன்ஸ்பெக்டர் பெயர் தம்பிதுரை. தலை பாதி நரைத்தவர், சாதுவான மனிதர். என்ன புகார் என்று கேட்டார்.

"புகார் இல்லீங்க. என்னை விசாரிக்கோணுமுங்க."

"எதுக்குங்க?"

மருதாசலம் கதிரைப் பற்றிச் சொன்னார். இரண்டு பையன்களும் ஒரே குண்டில் செத்ததைச் சொன்னார். "பரீத் பாய் ஊட்டுக்கு நீங்க போறீங்க. பையனுக்குக் கோபமான்னு கேக்கறீங்க. நியாயமுங்க, கேக்க வேண்டியதுதான். எனக்கும் பையன்தானுங்க செத்தது. என்ற ஊட்டுக்கு ஏனுங்க வரலை?"

தம்பிதுரை பேனாவை மூடினார். "பெரியவரே, உங்களை எதுக்குங்க சந்தேகப்படறோம்? நீங்க பாட்டுக்குத் தொழிலப் பாருங்க."

"எனக்குக் கோபம் இருக்குதுங்க. அந்தப் பையனவிட எனக்குத்தான் அதிகம். அவங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டுல குண்டு வெடிச்சப்ப எனக்கு நல்லாருந்துச்சுங்க. இன்னொருக்காச் சோறு வாங்கித் தின்னனுங்க. எழுதிக்கங்க."

சாப்பாட்டுப் பையோடு தேடிய ஆளைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொன்னால் கேஸ் நிற்காது என்று நினைத்தார்.

தம்பிதுரை எழுதவில்லை. ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். "பெத்த மனசுங்க, அப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் ஒரு குத்தம்னு எழுத முடியுங்களா?"

"இதே பேச்ச ரியாஸ் பேசியிருந்தா எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

தம்பிதுரை ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம், "மேலிருந்து சொல்றாங்க, நான் போறேன். டீயக் குடிங்க" என்றார். மருதாசலம் டீயைத் தொடாமல் வந்துவிட்டார்.

இதைக் கேட்டு பரீத் சந்தோஷப்படுவார் என்று எண்ணியிருந்தார். பரீத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தர் வந்துட்டிருந்தாரு, இனி நாலு பேரு வரப்போறாங்க. உன்னை ஆரு போகச் சொன்னது? உன்னை ஒன்னும் பண்ணமாட்டாங்க. அந்தத் தைரியத்துல நீ பேசீட்டு வந்துட்ட." இத்தனை வருடப் பழக்கத்தில் பரீத் அவரிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். மருதாசலம் வண்டியை எடுத்தார். ஒரு மாதம் எரிந்த செம்பு எடுக்க பரீத் வரவில்லை. மூட்டை கடை மூலையில் அப்படியே கிடந்தது. வேறு வியாபாரி வந்து கேட்டபோது, "அது பாய்க்குங்க" என்று மட்டும் சொன்னார்.

நாலு பேர் வரவில்லை. ரியாஸின் சான்றிதழ் ஒருவழியாக வந்தது. ஸ்டேஷனுக்குப் போனதால் வந்ததா, வரவேண்டிய வேளையில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறான், வீட்டிலிருந்தே வேலை. பரீத் ஒருநாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து செம்பு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

ஆனால் மருதாசலத்துக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எங்கேயாவது குண்டு விழுந்த செய்தி காதில் பட்டால், கையிலிருக்கிற மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இறக்குகிறார். "ஏனுங்க, இன்னைக்குத் தர்றேன்னு சொன்னீங்களே" என்று யாராவது கேட்டால், "தண்ணி ஒருநாளைக்குக் கொடத்துல தூக்குனா ஒன்னும் ஆயிராதுங்க" என்று எரிந்து விழுகிறார். வார்னிஷ் கறையோடு உக்கடத்துக்கு வண்டியை விடுகிறார்.

போன வாரமும் அப்படித்தான் போனார். பரீத் கடையில் இருந்தார். வீட்டு முன்னறையில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மருதாசலம் உட்கார்ந்துகொண்டார். பாத்திமுத்து டீ கொண்டுவந்து வைத்தாள். ரியாஸ் உள்ளறையில் கம்ப்யூட்டரில் வேலையாக இருந்தான். வெயில் சாய்ந்த நேரத்தில் தம்பிதுரை வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே மருதாசலத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். உட்கார வேறு நாற்காலி இல்லை. பாத்திமுத்து எடுத்துவர உள்ளே போனாள்.

"நீங்க எங்கீங்க இங்க?" என்றார் தம்பிதுரை.

"நானும் இந்த ஊடுதானுங்க."

ரியாஸ் சத்தம் கேட்டு வெளியே வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றான். தம்பிதுரை நின்றவாக்கிலேயே அவனிடம் நலம் விசாரித்தார். வேலை எப்படிப் போகிறது என்றார். பிறகு, சங்கடத்தோடுதான், கையை நீட்டினார்.

"போனைக் கொஞ்சம் குடு தம்பி, பாத்துட்டுத் தர்றேன்."

ரியாஸின் கை சட்டைப் பையை நோக்கிப் போவதற்குள் மருதாசலம் எழுந்துவிட்டார். தன் பையிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்தார். லுங்கி முனையில் திரையை இரண்டு தரம் துடைத்தார். அதன் பூட்டைத் திறந்தார். நீட்டியிருந்த அந்தக் கையில் அதை வைத்துவிட்டு, மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.